அண்ணனா தம்பியா என்று கேட்ட நடிகர்

போன மாதம் மெல்பேர்ணில், த பேசின் என்ற இடத்துப் பிள்ளையார் கோயிலில் மதியச் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் மூன்று பெண்கள் ஏதோ ஒரு கொரியத் தொடரைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தத் தகப்பன் அழேக்கை எனக்கு விக்கலே வந்திட்டுது," என்றார் ஒருவர்.

"இப்பதானே உலகம் கொரியன் நடிகரைக் கண்டுபிடிச்சிருக்கு," என்றார் மற்றவர்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். "நான் எழுபத்து நாலிலையே ஒருத்தரைக் கண்டுபிடிச்சிட்டன்," என்றேன். "அவர் அழுததை ஸ்ரொப் வாச் வைச்சு அளந்தும் இருக்கிறன். ஒரு நிமிசம் பன்ரெண்டு செக்கன்."

மூவரும் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கொஞ்சம் கவலை தெரிந்தது. இளையவர் மெதுவாகக் கேட்டார்: "அன்ரி, நீங்கள் ரயில்வேயிலை அல்லோ வேலை செய்தனீங்கள்?"

ரயில்வேயில் வேலை செய்தவர் என் கணவர். நான் தொலைக்காட்சி நாடகங்கள் எடுக்கும் கொம்பனி ஒன்றில் இருபத்தாறு வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவள். இதை நான் சொல்லாமல் விட்டதற்குக் காரணம் ஒன்றுமில்லை; ஒருவரும் கேட்கவில்லை. இப்போது அந்தப் பெண், "அப்ப எழுதித் தாங்கோ அன்ரி, கோயில் மலரிலை போடுவம்," என்று கேட்டுவிட்டார். பிள்ளையாருக்கும் இந்தக் கதைக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. அவர் பொறுத்துக்கொள்வார்.

நான் பார்த்த வேலைக்குக் கன்டினியூட்டி என்று பெயர். நாடகத்தை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகப் படம் பிடிப்பதில்லை. ஒரு மனிதன் செவ்வாய்க்கிழமை கதவைத் திறப்பான். கதவுக்கு அந்தப் பக்கம் அவன் போய்ச் சேர்வது அடுத்த திங்கட்கிழமை. இடையில் அவனுடைய கழுத்துப்பட்டி மாறக்கூடாது, தலைவகிடு இடம் மாறக்கூடாது, கையிலிருக்கும் சிகரெட் நீளமாக வளரக்கூடாது. இதையெல்லாம் பார்த்து எழுதிவைக்க ஒரு ஆள் வேண்டும். கமராவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கதிரை, மடியில் தட்டச்சு இயந்திரம், கழுத்தில் ஸ்ரொப் வாச், காதில் ஒரு பென்சில். அந்த ஆள் நான்.

எழுபத்து மூன்றில் நாங்கள் மெல்பேர்ணுக்கு வந்தோம். கொழும்பில் நான் சுருக்கெழுத்துக்காரி. இங்கே நாடகப் பிரதிகளைத் தட்டச்சு செய்யும் வேலைக்குத்தான் போனேன். ஜோய்ஸ் என்ற மூத்த கன்டினியூட்டிக்காரி என் சுருக்கெழுத்தின் வேகத்தைப் பார்த்துவிட்டு, என்னைப் படப்பிடிப்புத் தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். மூன்று மாதம் அவருக்குப் பின்னால் நின்று பழகினேன். அவர் சொன்ன சட்டம் ஒன்றுதான்: "பார்த்ததைச் சொல்லு. நினைச்சதைச் சொல்லாதை. கன்டினியூட்டி யோசனை சொல்லுற ஆள் இல்லை." நாலாம் மாதம் அவர் கல்யாணம் முடித்துக் குயின்ஸ்லாந்துக்குப் போய்விட்டார். கதிரை எனக்கு வந்தது.

என் பெயர் பத்மலோஜினி. இரண்டாவது நாளே அதைப் 'பாடி' என்று சுருக்கிவிட்டார்கள். அது ஐரிஷ் ஆண்களுக்கு வைக்கும் பெயர் என்பது, காலையில் என்னை ஏற்ற வந்த சாரதி என் வீட்டு வாசலில் நின்று ஒரு ஐரிஷ்காரனைத் தேடியபோதுதான் தெரிந்தது. என் கணவர் அதைப் பிணத்துக்கான ஆங்கிலச் சொல்லாக எடுத்துச் சிரித்தார். "பொலிஸ் நாடகத்திலை வேலை. பேர் பாடி. நல்ல பொருத்தம் பத்மா."

எங்கள் இயக்குநர் ஹரல்ட். ஒருகாலத்தில் கடற்படையில் இருந்தவர், ஆனால் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. ஒவ்வொரு டேக் முடிந்ததும் "லவ்லி" என்பார். புதிதாக வந்த நடிகர்கள் அதைக் கேட்டு மகிழ்ந்துபோவார்கள். பாவம். ஒரு லவ்லி என்றால் படுமோசம், திருப்பி எடுக்க வேண்டும். இரண்டு லவ்லி என்றால் பரவாயில்லை. உண்மையில் நன்றாக இருந்தால் ஹரல்ட் ஒன்றும் சொல்லமாட்டார். தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த மௌனத்தை வருடத்துக்கு நாலைந்து முறைதான் கேட்கலாம்.

இனி மிஸ்டர் ஓ.

அவரை நான் முதன்முதல் பார்த்தபோது அவர் பிணமாக இருந்தார். ஒரு லொறியின் பின்பக்கத்தில், உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில், வாயோரம் இரத்தம் வழியக் கிடந்தார். அப்போது தொலைக்காட்சி கறுப்பு வெள்ளை. இரத்தத்துக்குச் சொக்கலேற் பாணியைத்தான் பூசுவார்கள். மெல்பேர்ண் ஈக்களுக்கு அது தெரியும். பிணம் மூச்சு விடுகிறதா என்று பார்ப்பது என் கடமை. நான் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஈ அவருடைய வாயில் இறங்கி, கன்னத்தில் நடந்து, திறந்திருந்த இடது கண்ணின் ஓரத்தில் போய் உட்கார்ந்தது. கண்மடல் அசையவில்லை.

"கட்" என்றதும் எழும்பி உட்கார்ந்து என்னைப் பார்த்தார்.

"நான் மூச்சு விட்டனானோ?"

"இல்லை. ஆனால் இடது கண்ணிலை ஈ இருந்தது."

"தெரியும். அடுத்த முறை வலது பக்கம் விழுறன்."

நாங்கள் இருவரும் கதைத்தது ஆங்கிலத்தில்தான். அவருடையது முறிந்த ஆங்கிலம், என்னுடையது கொழும்புக் கந்தோர் ஆங்கிலம். ஆனால் என் மனதில் எல்லாருடைய பேச்சும் யாழ்ப்பாணத் தமிழாகவே தங்கியிருக்கிறது. அப்படியே எழுதிவிடுகிறேன்.

அவருடைய குடும்பப் பெயரே ஓ. ஒருநாள் தளத்திலிருந்த தொலைபேசியில் என் கணவருடன் பேசினேன். "ஓம்... ஓம்... ஓம், வாறன்," என்று நான் சொல்லச் சொல்ல, தூரத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த மிஸ்டர் ஓ ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தார். கடைசியில் கிண்ணத்தை வைத்துவிட்டு எழும்பியே வந்துவிட்டார்.

சியோல் நகரத்தில் ஒன்பது வருடம் சினிமாவில் நடித்தவர். ஒருநாளும் கதாநாயகன் இல்லை. கதாநாயகனின் சிநேகிதன், காட்டிக்கொடுப்பவன், வாடகை கேட்டு வருபவன். "அங்கை என்ரை முகத்துக்கு வீட்டுக்காரன் முகம் எண்டு பேர்," என்பார். "இஞ்சை ஆசியன் முகம் எண்டு பேர்." கொரியப் போரில் சண்டை பிடித்த ஓர் ஆஸ்திரேலியரை அவருடைய அக்கா மணம் முடித்து மெல்பேர்ணின் மேற்குப் பக்கம் ஃபுட்ஸ்கிறேயில் குடியிருந்தார். அக்கா கூப்பிட்டுத்தான் தம்பி வந்தார். வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. நடிக்கக் கூப்பிட்டால் லீவு எடுத்துக்கொண்டு வருவார். அவருடைய மேற்பார்வையாளர் லீவுக் கடிதத்தைப் பார்த்ததும், "என்ன, திரும்பச் சாகப் போறியோ?" என்று கேட்பாராம்.

அந்தக் கேள்வியில் பிழையில்லை. சீனச் சமையற்காரன், ஜப்பானிய அதிகாரி, மலாய் மாலுமி, எந்த நாடு என்று ஒருவரும் முடிவு செய்யாத ஒருவன் என்று எத்தனையோ வேடம் போட்டார், எல்லாரும் செத்துப்போனார்கள். என் தாள்களின்படி மூன்று வருடத்துக்குள் பதினொரு தடவை. ஆனால் ஒரு சாவைப் போல இன்னொரு சாவு இருக்கக்கூடாது என்பதில் பிடிவாதக்காரர். ஒப்பனை முடிந்ததும் நேரே என் கதிரைக்கு வருவார். "போன முறை எந்தப் பக்கம் விழுந்தனான்?" நான் பழைய தாளைப் புரட்டி, "இடது. முழங்கால் முதல், பிறகு தோள். கண் திறந்தபடி," என்பேன். "அப்ப இந்த முறை இருந்தபடி சாகிறன்." பிரதியில் அவருக்கு ஒரு சொல்கூட இருக்காது. ஆனால் அவரைப் போல ஆயத்தத்தோடு வந்த நடிகர் எங்கள் தளத்தில் வேறொருவரும் இருக்கவில்லை.

ஒருமுறை போர்க்காலத் தொடர் ஒன்றுக்காகச் சிட்னியின் வடக்குப் பக்கக் கடற்கரைக்குப் போனோம். மிஸ்டர் ஓ ஜப்பானிய அதிகாரி. சுடுபட்டு அலையோரத்தில் விழ வேண்டும்; கமரா மெல்ல மெல்லப் பின்னால் நகரும். விழுந்தார். வடிவாக விழுந்தார். பெரிய அலை ஒன்று வந்து அவரைத் தூக்கியது. அவர் அசையவில்லை, பிணமல்லவா. அடுத்த அலை அவரை இழுத்துக்கொண்டு போனது. ஹரல்ட் "கட்" சொல்லவேண்டும். அவரோ ஒன்றும் சொல்லாமல் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், அவ்வளவு பிடித்துப்போய்விட்டது. பிணம் கடலுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. நான் ஸ்ரொப் வாச்சைப் பார்க்கிறேன், நாற்பது செக்கன், ஐம்பது செக்கன். கடைசியில் ஒலிப்பதிவாளர் ஃபிராங்க் காதுக்கருவியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார். இழுத்துக்கொண்டு வந்து மணலில் போட்டபோது மிஸ்டர் ஓ கேட்ட முதல் கேள்வி, "நல்லா வந்ததோ?" என்பதுதான். அன்றைய என் தாளில் இப்படி எழுதியிருந்தேன்: இடது சப்பாத்து கடலில். அடுத்த ஷொட்டுக்கு வேறு ஆயத்தம் செய்க.

எழுபத்தைந்தில் வர்ணத் தொலைக்காட்சி வந்தது. என் வேலை இரண்டு மடங்கானது. அதுவரை சாம்பல் நிறமாக இருந்த கழுத்துப்பட்டிகள் எல்லாம் திடீரென்று பச்சையும் மஞ்சளுமாயின. சொக்கலேற் பாணிக்கு விடைகொடுத்துவிட்டுச் சிவப்புச் சாயம் வாங்கினார்கள். மிஸ்டர் ஓ வர்ணத்திலும் இரண்டு தடவை செத்தார்.

அதற்கு அடுத்த வருடம்தான், நான் இத்தனை நாளும் மறக்காத அந்தக் காட்சி வந்தது.

துறைமுகத்தில் ஒரு மாலுமி கொலை செய்யப்படுகிறான். பொலிஸ் அதிகாரி, அதே கப்பலில் வேலை செய்யும் அவனுடைய சகோதரனைப் பிணவறைக்கு அழைத்து வந்து உடலைக் காட்டுகிறார். அந்தச் சகோதரன் மிஸ்டர் ஓ. முதல் தடவையாக உயிரோடு வந்து உயிரோடு போகும் வேடம். ஆனால் வழக்கமாகப் பிணமாகக் கிடப்பவர் இப்போது நிற்கிறார் என்பதால், பிணத்துக்கு ஆள் இல்லை. வெள்ளைத் துணிக்குக் கீழே இரண்டு தலையணையையும் சுருட்டிய கம்பளம் ஒன்றையும் வைத்தார்கள்.

பிரதியில் அவருக்கு இருந்தது ஒரே ஒரு வரி. மாலுமி தன் சகோதரனைப் பார்க்கிறான். தன் மொழியில் ஏதோ சொல்லி அழுகிறான்.

"என்னவும் சொல்லுங்கோ," என்றார் ஹரல்ட். "மூன்று நாலு வசனம். ஒருத்தருக்கும் விளங்காது."

மிஸ்டர் ஓ பிரதியை இரண்டு கையாலும் பிடித்தபடி கேட்டார்: "இவர் எனக்கு அண்ணனோ, தம்பியோ?"

"சகோதரன்."

"ஓம். அண்ணனோ, தம்பியோ?"

ஹரல்ட் அவரைப் பார்த்தார். பொலிஸ் அதிகாரியாக நடித்தவர் ஹரல்டைப் பார்த்தார். "அதிலை என்ன இருக்கு?" என்று ஹரல்ட் கேட்டார். உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார்.

எனக்கு மட்டும் விளங்கியது. அந்த அறையில் இருபது பேர் இருந்தோம். அந்தக் கேள்வி இல்லாமல் வாய் திறக்க முடியாது என்பது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். மேடையில் வேண்டுமானால் 'சகோதரா' என்று சொல்லலாம். செத்துக் கிடப்பவனைப் பார்த்து யார் அப்படி அழுவார்கள்? ஒன்றில் அண்ணை, இல்லாவிட்டால் தம்பி. நடுவில் ஒரு சொல் எங்களுக்கும் இல்லை, அவர்களுக்கும் இல்லை.

"ஹரல்ட்," என்றேன், "அவருக்கு அது தெரியாமல் கதைக்க ஏலாது. அண்ணனுக்கு வேறை சொல்லு, தம்பிக்கு வேறை சொல்லு. என்ரை பாஷையிலையும் அப்பிடித்தான்."

அங்கிருந்தே எழுத்தாளருக்குத் தொலைபேசி எடுத்தார்கள். மறுமுனையில் அவர், "தம்பி எண்டு வையுங்கோ," என்றாராம்.

மிஸ்டர் ஓ ஒரு மூலைக்குப் போய் அரைமணி நேரம் நின்றார். திரும்பி வந்தபோது நடையே மாறியிருந்தது. தம்பியைப் பொறுப்பு ஏற்று வளர்த்த ஒருவனின் நடை. நாலு வசனம் ஆயத்தம் செய்திருந்தார். 'தம்பி, எழும்பு. கப்பல் வெளிக்கிடப் போகுது. அம்மாவுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது? எழும்பு தம்பி.'

இங்கேதான் எனக்குப் பிரச்சினை. ஒரே பேச்சை மூன்று இடத்திலிருந்து படம் பிடிப்பார்கள். முதலில் கதவடியிலிருந்து தூரத்து ஷொட், அடுத்தது அதிகாரியின் முகம், கடைசியில் மிஸ்டர் ஓவின் முகம் கிட்டத்தில். மூன்றையும் வெட்டி ஒட்டும்போது ஒவ்வொரு சொல்லும் பொருந்த வேண்டும். கொரிய மொழியில் அவர் ஒரு சொல்லை மாற்றினால் யார் கண்டுபிடிப்பது? சுருக்கெழுத்தில் எழுதிப் பார்த்தேன், உயிரொலிகள் நழுவிப்போயின. ஆங்கில எழுத்தில் எழுதினேன். வாசித்துக் காட்டியபோது அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு தமிழில் எழுதினேன். வாசித்தேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என் தாளை எட்டிப் பார்த்தார்.

"இது என்ன எழுத்து?"

"என்ரை."

"திருப்பி வாசியுங்கோ."

வாசித்தேன். தம்பிக்கு 'தொங்செங்' என்று எழுதியிருந்தேன். அண்ணனென்றால் 'ஹ்யோங்' என்று வந்திருக்கும் என்றும் சொல்லித் தந்தார். "நான் ஒரு எழுத்துப் பிழைச்சாலும் சொல்லவேணும்," என்றார். "சரியெண்டு விட்டிடக்கூடாது."

படப்பிடிப்பு நடந்தது, மூடிக்கிடந்த பழைய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவை அறையில். சுவரெல்லாம் வெள்ளை ஓடு. பின்னேரம் ஐந்து மணிக்குக் காவலாளி பூட்டிவிடுவார், மறுநாள் கிடைக்காது. தூரத்து ஷொட் முடிந்தது, அதிகாரியின் முகம் முடிந்தது, இரண்டிலும் சொற்கள் அச்சொட்டாக இருந்தன. கிட்டத்து ஷொட் தொடங்கும்போது நாலு மணி.

முதல் டேக்கில் வெளியே ஒரு லொறி ஹோர்ன் அடித்தது. இரண்டாவது டேக்.

துணியை விலக்கினார்கள். மிஸ்டர் ஓ இரண்டு தலையணையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தை நான் விவரிக்கப் போவதில்லை. என் வேலை எழுதுவதுதான், ஆனாலும் அன்றைக்கே அதை எழுத முடியவில்லை. அவர் பேசத் தொடங்கினார். நான் தாளில் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுக்கொண்டு போனேன். முடிந்ததும் ஸ்ரொப் வாச்சை அமத்தினேன். ஒரு நிமிடம் பன்னிரண்டு செக்கன். அதிகாரியாக நடித்தவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஹரல்ட் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மின்விளக்குக்காரர் முதல் விளக்கை அணைக்கப் போனார்.

என் விரல் நின்ற இடத்தில் 'தொங்செங்' என்று இருந்தது. என் காதில் விழுந்தது 'ஹ்யோங்'. இரண்டு தடவையும்.

எனக்கு அப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற வேலை. நான் வாய் திறக்காவிட்டால் இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியவராது. திறந்தால், அந்த வருடத்தின் மிகச் சிறந்த டேக்கைக் கெடுத்தவள் நான். விளக்குகள் இறங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது. ஆனால் மிஸ்டர் ஓ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சரியென்று தலையாட்டக் காத்திருந்தார். தான் என்ன சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

"பொருந்தாது," என்றேன்.

ஹரல்ட் நிமிர்ந்தார். "எது?"

"மற்ற ரெண்டு ஷொட்டிலையும் செத்தது தம்பி. இதிலை அண்ணன்."

மிஸ்டர் ஓ என் கதிரையடிக்கு வந்தார். "நான் என்ன சொன்னனான்?"

"ஹ்யோங்."

அவர் பக்கத்திலிருந்த பெட்டி ஒன்றில் உட்கார்ந்தார். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ. பிழை என்ரை. திருப்பிச் செய்யிறன்."

"ரெண்டுக்கும் ரெண்டு சொல்லு வைச்சிருக்கிறியளோ?" என்று ஃபிராங்க் வியந்தார். "எங்களுக்கு ஒண்டுதான். அந்தப் பிரதரையும் நான் கிறிஸ்மசுக்குக்கூடக் கூப்பிடுறதில்லை."

"மெல்பேர்ணிலை எத்தினை கொரியர் இருக்கினம்?" என்று ஹரல்ட் கேட்டார். குரலில் கோபமில்லை, கணக்குத்தான் கேட்டார்.

மிஸ்டர் ஓ உண்மையாகவே விரல்விட்டு எண்ணினார். "எனக்குத் தெரிஞ்ச ஆக்கள் முப்பத்தொரு பேர்."

"எல்லாரும் பார்ப்பினமோ?"

"எல்லாரும். அக்கா எல்லாருக்கும் சொல்லிப்போட்டா."

மூன்றாவது டேக் எடுத்தார்கள். 'தொங்செங்' சரியாக வந்தது. ஒவ்வொரு சொல்லும் என் தாளில் இருந்தபடியே வந்தது. "லவ்லி, லவ்லி," என்றார் ஹரல்ட். எல்லாருக்கும் விளங்கியது. நாலாவதும் அப்படித்தான். மணி நாலரை தாண்டிவிட்டது. ஹரல்ட் மிஸ்டர் ஓவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து மெதுவாக, "ரெண்டாவதிலை என்ன நடந்தது?" என்று கேட்டார்.

மிஸ்டர் ஓ தலையணைப் பக்கம் திரும்பினார். "எனக்கு ஒரு அண்ணன் இருந்தவர். சண்டைக் காலத்திலை வடக்குப் பக்கம் போனவர். பிறகு ஒரு தகவலும் இல்லை. தலையணையைப் பார்த்தன்... தம்பிதான் எண்டு நினைச்சுக்கொண்டுதான் வாயைத் திறந்தனான்."

'ஒரு தகவலும் இல்லை' என்பதன் பாரம் அன்று எனக்கு முழுதாக விளங்கவில்லை. பிற்காலத்தில் இலங்கைச் சண்டையில் எங்கள் சனத்தின் வீடுகளிலும் இப்படி அண்ணன்மார் தகவலில்லாமல் போனபோதுதான் விளங்கியது. அன்று நான் என் தாள்களைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கண்ணில் பட்டது.

கன்டினியூட்டி யோசனை சொல்லுகிற ஆள் இல்லை. எனக்குத் தெரியும். ஆனாலும் எழும்பினேன்.

"ஹரல்ட், தூரத்து ஷொட்டிலை அவர் பேசேக்கை கமராவுக்கு முதுகு. வாய் தெரியாது. அதிகாரியின்ரை முகத்திலையும் இவரின்ரை தோள் மட்டும்தான். வாய் தெரியிறது கிட்டத்து ஷொட்டிலை மட்டும். 'ஹ்யோங்' எண்ட அந்த ஒரு சொல்லை இப்ப இஞ்சை நிண்டு சொல்லச் சொல்லி, சத்தத்தை மட்டும் பதிஞ்சால் போதும். ரெண்டிலையும் மாத்திப் போடலாம்."

"மற்றக் காட்சியள்?"

"மற்ற இடமெல்லாம் இங்கிலீஷ். வெறும் 'பிரதர்' எண்டுதான் இருக்கு. அது ரெண்டுக்கும் பொருந்தும்."

ஹரல்ட் என் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தார். தமிழ் எழுத்தைக் கண்டு புருவத்தை உயர்த்தினார். பிறகு ஃபிராங்கைப் பார்த்தார். ஃபிராங்க் ஏற்கெனவே மைக்கைத் தூக்கிக்கொண்டு கதவடிக்குப் போய்விட்டார். "ஓடு பதிச்ச அறை. எதிரொலி வேறை எங்கையும் இப்பிடி வராது. எல்லாரும் மூச்சைப் பிடியுங்கோ," என்றார்.

எல்லா விளக்கும் அணைந்த அறையில், யன்னல் வெளிச்சத்தில், மிஸ்டர் ஓ கமராவே இல்லாமல் நின்று அந்தச் சொல்லை ஆறு தடவை சொன்னார். தூரத்திலிருந்து மூன்று, கிட்டத்தில் மூன்று. நான் ஒவ்வொன்றையும் இலக்கமிட்டு எழுதினேன். ஐந்து மணிக்குக் காவலாளி பூட்ட வந்து திறப்பைக் குலுக்கியபோது கம்பளத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். என் வேலையை அடுத்த முறை மூன்று மாதத்துக்கல்ல, ஒரு வருடத்துக்குப் புதுப்பித்தார்கள். காரணம் ஒருவரும் சொல்லவில்லை.

மிஸ்டர் ஓவின் பிற்காலத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த நாடகத்துக்குப் பிறகு எழுத்தாளர்கள் அவருக்கு வசனம் எழுதத் தொடங்கினார்கள். கப்பல் முகவர், கண் வைத்தியர், பொய்ச்சாட்சி. எழுபத்தெட்டில் ஒரு குடும்பத் தொடரில் மரக்கறிக் கடைக்காரராக இரண்டு வருடம் வந்தார். பாத்திரத்துக்குப் பெயர் இருந்தது, கடைசிவரை சாகவுமில்லை. அவருடைய மேற்பார்வையாளருக்கு அதுதான் பெரிய ஏமாற்றம். வயது போனபிறகு அக்காவின் பிள்ளைகளோடு சிட்னிக்குப் போய், அங்கே நல்லபடி இருந்து காலமானார்.

ஆனால் நான் முடிக்க விரும்புவது அந்த நாடகம் ஒளிபரப்பான நாளில். ஒரு வியாழக்கிழமை மாலை, ஃபுட்ஸ்கிறேயில், அவருடைய அக்கா வீட்டு வரவேற்பறையில். எங்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். முப்பத்தொரு பேர் என்று அவர் சொன்னது பொய்யில்லை. கதிரை போதாமல் நிலத்தில் இருந்தார்கள். குசினியிலிருந்து பூண்டும் மிளகாய்த்தூளும் மணந்தது. என் கணவர் மூக்கை உறிஞ்சி, "பத்மா, எங்கடை ஆக்கள்தான் போல," என்று காதுக்குள் சொன்னார்.

அக்கா ஐம்பது வயது மதிக்கத்தக்க சிறிய பெண்மணி. தொழிற்சாலை ஒன்றில் உடுப்புத் தைப்பவர். தம்பி உயிரோடு நடிக்கிறான் என்ற செய்தியை ஊரெல்லாம் சொன்னவர் அவர்தான். தம்பி என்ன பேசினான் என்று அவருக்குத் தெரியாது. மிஸ்டர் ஓ சொல்லியிருக்கவில்லை.

காட்சி வந்தது. கதவடி, முதுகு, வெள்ளைத் துணி. 'ஹ்யோங்.' அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அதிகாரியின் முகம். பிறகு மிஸ்டர் ஓவின் முகம், மிச்சப் பேச்சு முழுவதும் வெட்டாமல். சொல் எங்கும் இடறவில்லை. மாற்றிப் போட்ட இடம் எனக்கே தெரியவில்லை. நான் மகிழ்ச்சியோடு அக்காவைப் பார்த்தேன்.

அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். சத்தமில்லாமல், தோள் குலுங்க. பிறகு திடீரென்று எழும்பினார்; தொலைக்காட்சிப் பெட்டியைச் சுட்டிக்காட்டி உரத்த குரலில் என்னவோ சொன்னார்; தம்பியின் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தார்; மறுபடி அழுதார். அறையில் முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு முப்பது பேரும் சிரித்தார்கள், கண்ணைத் துடைத்துத் துடைத்து. மிஸ்டர் ஓவும் சிரித்தார். பிறகு எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"என்ன சொல்லுறா?" என்று கேட்டேன்.

மிஸ்டர் ஓ சொல்லத்தான் விளங்கியது. சின்ன வேடங்களுக்கு நடிகர்கள் தங்கள் உடுப்பையே கொண்டுவர வேண்டும். படப்பிடிப்புக்கு அவர் போட்டுவந்த சேட்டு அக்கா தைத்தது. வலது கைப் பொத்தானை அன்று விடிய வேலைக்குப் போகமுன் தைத்துக் கொடுத்திருக்கிறார். முதுகு தெரியும் ஷொட்டில், நீட்டிய கையில் பொத்தான் பூட்டியிருக்கிறது. முகம் தெரியும் ஷொட்டில், கண்ணீரைத் துடைக்கும் அதே கையில் பொத்தான் திறந்து தொங்குகிறது. நான் அன்று முழுக்கக் காதால் மட்டும் வேலை செய்திருக்கிறேன். கண்ணை எங்கேயோ வைத்துவிட்டேன். தாளில் பொத்தானைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை.

எனக்கு முகம் எரிந்தது. "அதுக்கோ அடிச்சவா?"

மிஸ்டர் ஓ தோளைத் தடவிக்கொண்டே அக்கா சொன்னதைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தார்.

"இவ்வளவு வருசத்துக்குப் பிறகு அண்ணனைப் பார்க்கப் போறாய். கைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு போகக்கூடாதோ எண்டு கேக்கிறா."

அக்கா மூக்கைத் துடைத்தபடி, எங்கள் இருவருக்கும் சோறு போடக் குசினிக்குள் போனார்.